தேய்ந்த கிளச்சும் அதனை மாற்றும் முறையும்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் எஞ்சினைப் புகழாதாரும் சில்லுகளை அறியாதாரும் இலர். இவ்விரண்டிற்கும் நடுவே, கண்ணுக்குப் புலனாகாத உலோகக் கூட்டினுள் இருந்துகொண்டு, ஒன்றன் ஆற்றலை மற்றொன்றிற்கு வேண்டும்போது அளித்தும் வேண்டாதபோது தடுத்தும் நிற்கும் கிளச்சு என்னும் உறுப்பை நினைப்போர் சிலரே. அது செவ்வனே தொழிற்படுங்காறும் சாரதியின் இடக்காலன்றி வேறெவரும் அதனை அறியார். அது தேய்ந்த பின்னரோ, ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் பேரிரைச்சலிடவும் வண்டி மேலேறாது தயங்கவும் காண்கின்ற ஒவ்வொருவரும் அதன் அருமையை ஒருங்கே உணர்வர். அத்தகைய வேளையில் பொருட்சேதம் மட்டுமன்றி உயிர்ச்சேதமும் நேர்தல் கூடும். ஆதலின், கிளச்சின் இயல்பு யாது, அது தேய்வதெங்ஙனம், தேய்ந்ததனை மாற்றும் முறை யாது என்பவற்றை அறிந்துகொள்ளல் பயனுடைத்து. விளக்கத்தின் பொருட்டு, உலகின் பல பாகங்களிலும் நெடுங்காலம் உழைத்த பழைய லாண்ட் றோவர் வண்டி இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

வண்டியின் வரலாறு

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலையில் இங்கிலாந்தில் உருக்குக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவியது. அக்காலத்தில் றோவர் கம்பனியின் தலைமைப் பொறியியலாளராக விளங்கிய மொறிஸ் வில்க்ஸ் என்பார், போர்க்காலத்து அமெரிக்க ஜீப் வண்டியை முன்மாதிரியாகக் கொண்டு, உழவர்க்குப் பயன்படத்தக்க ஒரு வண்டியை உருவாக்க முற்பட்டார். உருக்குச் சட்டகத்தின் மீது அலுமினியக் கலப்புலோக உடல் பொருத்தப்பட்டது. அவ்வண்டி 1948ஆம் ஆண்டு ஏப்பிரில் 30ஆம் நாள் அம்ஸ்ரடாம் மோட்டார்க் கண்காட்சியிற் பொதுமக்களுக்கு முதன்முதற் காட்டப்பட்டது. அதன்பின் 1958இல் இரண்டாம் வரிசையும், 1961இல் இரண்டாம் வரிசையின் 'ஏ' வகையும், 1971இல் மூன்றாம் வரிசையும் வெளிவந்தன. மூன்றாம் வரிசையின் ஆக்கம் 1985இல் நிறைவெய்தியது.

இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களிலும் காட்டுப் பாதைகளிலும் இவ்வண்டிகள் பல உழைத்துள்ளன. நான்கு சில்லுகளாலும் இழுக்கும் வண்டி எதுவாயினும் அதனை 'ஜீப்' என்றே அழைப்பது நம்மவர் வழக்காதலின், லாண்ட் றோவர் என்ற தன் சொந்தப் பெயரை அது பல இடங்களில் இழந்தே வாழ்ந்தது எனலாம்.

கிளச்சின் அமைப்பு

எஞ்சினின் பின்புறத்தே பறப்புச் சில்லு என்னும் கனத்த வட்டு, எஞ்சின் தண்டோடு பிணைக்கப்பட்டு இடையறாது சுழல்கின்றது. அதனை அடுத்து, இருபுறமும் உராய்வுப் பொருள் பதிக்கப்பட்ட மெல்லிய தட்டொன்று உண்டு. இதுவே கிளச்சுத் தட்டு. இதன் நடுத்துளையிலுள்ள பள்ளங்கள் கியர்ப்பெட்டியின் முன் தண்டிலுள்ள வரிப்பற்களோடு பொருந்துவன. இதற்கும் அப்பால், பறப்புச் சில்லோடு ஆணிகளாற் பூட்டப்பட்ட மூடியினுள், விற்களின் வலிமையால் முன்னோக்கித் தள்ளப்படும் அமுக்கத் தட்டு அமைந்துள்ளது. பறப்புச் சில்லுக்கும் அமுக்கத் தட்டுக்கும் இடையே கிளச்சுத் தட்டு நெருக்குண்டு நிற்கையில் மூன்றும் ஒன்றெனச் சுழலும். எஞ்சினின் ஆற்றல் கியர்ப்பெட்டியைச் சென்றடையும். சாரதி மிதியை அழுத்தியவுடன், விடுவிப்புப் பெயாரிங்கு முன்னேறி நெம்புகளைத் தள்ள, அமுக்கத் தட்டுப் பின்வாங்கும். கிளச்சுத் தட்டு விடுதலை பெறும்.

முதல் வரிசை வண்டிகளில் மிதியின் அசைவு கோல்களாலும் நெம்புகளாலும் கடத்தப்பட்டது. இரண்டாம் வரிசை முதலாகத் திரவ அமுக்கத்தாற் கடத்தும் முறை கைக்கொள்ளப்பட்டது. இரண்டாம் வரிசையில் 9 அங்குல விட்டமுடைய தட்டும் சுருளி விற்களும் வழங்கின. மூன்றாம் வரிசையில் 9½ அங்குலத் தட்டும், பல சுருளி விற்களுக்கு ஈடாக ஒரே மென்றகட்டு வில்லும் இடம்பெற்றன. ஆகவே, உதிரிப்பாகம் வாங்கப் புகுவோர் வண்டியின் வரிசையையும் பழைய தட்டின் அளவையும் ஒப்பு நோக்கிய பின்னரே வாங்குதல் வேண்டும். பல ஆண்டுகள் பலர் கைப்பட்ட வண்டியில், ஒரு வரிசையின் எஞ்சினும் மற்றொன்றன் கியர்ப்பெட்டியும் இணைந்திருத்தல் அரிதன்று.

உராய்வின் கணக்கு

கிளச்சின் தொழில் முற்றிலும் உராய்வைச் சார்ந்தது. அது தாங்கக்கூடிய முறுக்கம் நான்கு கூறுகளின் பெருக்கமாகும்: உராயும் முகங்களின் தொகை, உராய்வுக் குணகம், விற்கள் அமுக்கும் விசை, உராயும் வளையத்தின் சராசரி ஆரை என்பனவே அவை.

உதாரணமாக, உராய்வுக் குணகம் 0.35 எனவும், அமுக்கும் விசை 4000 நியூற்றன் எனவும், சராசரி ஆரை 9 சதமமீற்றர் எனவும் கொள்க. முகங்கள் இரண்டாதலின், தாங்கும் முறுக்கம் 252 நியூற்றன் மீற்றர் ஆகும். 2286 கன சதமமீற்றர் கொள்ளளவுடைய லாண்ட் றோவர்ப் பெற்றோல் எஞ்சின் ஏறத்தாழ 168 நியூற்றன் மீற்றர் முறுக்கத்தையே தரவல்லது. ஆதலின் கிளச்சு வழுவாது நிற்கும். இனி, அத்தட்டில் எண்ணெய் படிந்து உராய்வுக் குணகம் 0.1 ஆகக் குறைந்ததெனக் கொள்வோமாயின், தாங்கும் முறுக்கம் 72 நியூற்றன் மீற்றராக வீழ்ந்துவிடும். தட்டுச் சிறிதும் தேயாதிருந்தும் கிளச்சு வழுக்குவது இதனாலேயாம்.

தட்டுத் தேய்ந்து மெலியுந்தோறும் சுருளி விற்கள் நீண்டு தளர்வனவாதலின், அமுக்கும் விசையும் குறைந்து செல்லும். வழுக்கல் வெப்பத்தை உண்டாக்க, வெப்பம் மேலும் தேய்வை வளர்க்க, ஒரு கட்டத்தின் பின் அழிவு விரைந்து நிகழும்.

தேய்வின் காரணங்கள்

வண்டி புறப்படும்போது சிறிது நேரம் கிளச்சு வழுக்குதல் இயல்பே. அவ்வழுக்கலே வண்டியை அதிர்ச்சியின்றி நகர்த்துகின்றது. தீங்கு விளைவது வீண் வழுக்கலினாலாம். ஏற்றத்தில் நிற்கும் வண்டியை பிறேக்கினால் நிறுத்தாது, அரைக் கிளச்சில் தாங்கி நிறுத்தும் பழக்கம் சாரதிகள் சிலரிடம் உண்டு. அவ்வேளையில் தட்டின் முறுக்கம் 100 நியூற்றன் மீற்றராகவும், எஞ்சினின் வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1430 சுற்றுக்களாகவும் இருப்பின், அச்சிறு கூட்டினுள் 15 கிலோவாற்று வீதம் வெப்பம் பிறக்கும். ஒரு கிலோவாற்று வலுவுடைய மின்னடுப்புப் பதினைந்தினை ஒருங்கே மூட்டியதற்கு இது நிகராகும். மிதியின் மேற் காலை எந்நேரமும் ஊன்றியிருத்தலும் இத்தகைய தீங்கினையே சிறிது சிறிதாகச் செய்யும்.

நான்கு சில்லிழுப்பு வண்டிக்கு மற்றுமொரு காரணமும் உண்டு. சேற்றில் இரு சில்லுகளால் மட்டும் இழுக்கும் வண்டி, தன் சில்லுகள் வீணே சுழல்வதால் மிகைச்சுமையினின்றும் தப்புகின்றது. நான்கு சில்லுகளும் நிலத்தைப் பற்றிக்கொண்ட வண்டியிலோ சில்லுகள் வழுக்கா. ஆகவே கிளச்சே வழுக்க வேண்டியதாகின்றது. இதன் பொருட்டே மாற்றுப்பெட்டியில் தாழ்நிலைக் கியர் அமைக்கப்பட்டுள்ளது. செந்நிறக் குமிழுடைய கோலைப் பின்னிழுத்துத் தாழ்நிலையை இட்டால், சில்லுகளைச் சேரும் முறுக்கம் வண்டியின் வகைக்கேற்ப இரண்டு முதல் இரண்டரை மடங்காகும். சுமையுடன் செங்குத்தான ஏற்றத்திற் புறப்படும் சாரதி அக்கோலைப் பயன்படுத்துவானாயின், கிளச்சின் ஆயுள் நீளும்.

குறி அறிதல்

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகையார், பிணியையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தறிந்த பின்னரே பரிகாரம் செய்யவேண்டுமென வகுத்தார். இயந்திரத்திற்கும் அந்நெறி பொருந்தும். கிளச்சை மாற்றுவதற்கு வண்டியின் பாதியைக் கழற்ற வேண்டியிருத்தலின், காரணம் அறியாது கைவைத்தல் பெரும் வீணாகும்.

உயர் கியரில் ஏற்றத்தைக் கடக்கையில் எரிபொருள் மிதியை அழுத்தினால், எஞ்சினின் வேகம் கூடியும் வண்டியின் வேகம் கூடாதிருப்பின், அது வழுக்கலாகும். எரிந்த நாற்றமும் உடன் எழும். எனினும், மிதியில் இருக்கவேண்டிய சிறு தளர்வு அற்றுப்போயினும் இதே குறி தோன்றும். விடுவிப்புப் பெயாரிங்கு நெம்புகளை எந்நேரமும் தள்ளிக்கொண்டிருத்தலே அதற்குக் காரணம். ஆகவே முதலில் மிதியின் தளர்வைச் சோதித்தல் வேண்டும்.

மிதியை முற்றாக அழுத்தியும் கியர் விழாது அரைபடுமாயின், தட்டு விடுபடவில்லை என்பது பொருள். இதற்குக் காரணம் பெரும்பாலும் தட்டன்று. திரவ அமுக்கத் தொகுதியே. பிரதான சிலிண்டரிலோ கீழ்ச் சிலிண்டரிலோ திரவம் கசிந்தாலும், குழாயினுட் காற்றுப் புகுந்தாலும், மிதியின் அசைவு பெயாரிங்கைச் சேராது. சிறு செலவிற் சீர்செய்யத்தக்க இக்குறையைத் தட்டின் தேய்வெனக் கருதிக் கியர்ப்பெட்டியை இறக்கினோர் பலர்.

மிதியை அழுத்துங்கால் எழும் ஓசை விடுவிப்புப் பெயாரிங்கின் தேய்வைக் குறிக்கும். மிதியை விட்டவுடன் எழுந்து அழுத்தியவுடன் ஓயும் ஓசையோ, கியர்ப்பெட்டியின் முன் தண்டுப் பெயாரிங்கைச் சுட்டும். புறப்படுகையில் வண்டி நடுங்கித் துள்ளுமாயின், தட்டில் எண்ணெய் படிந்தமையையோ எஞ்சின் தாங்கிகளின் தளர்ச்சியையோ ஐயுறல் வேண்டும்.

எண்ணெய் படிதல் குறித்து லாண்ட் றோவருக்கே உரிய செய்தியொன்று உண்டு. பறப்புச் சில்லு உறையின் அடியில் ஒரு சிறு துளையும் அதற்கென ஓர் அடைப்பானும் உள. ஆழமான நீரைக் கடக்குமுன் அடைப்பானைப் பூட்டினால் நீர் கிளச்சினுட் புகாது. கடந்தபின் அதனைக் கழற்றிவிடுதல் வேண்டும். கழற்ற மறப்பின், எஞ்சினின் பின் சீலில் கசியும் எண்ணெய் வெளியேற வழியின்றித் தேங்கித் தட்டை நனைத்துவிடும். நீரினின்று காத்தற்கென அமைந்த அடைப்பானே எண்ணெயால் அழிவு வர ஏதுவாதல் நோக்கத்தக்கது.

உயிர்க் காப்பு

வேலை தொடங்குமுன் அறியவேண்டியன இரண்டு. இவற்றுள் எதனை மறப்பினும் விளைவு கொடிதாகும்.

முதலாவது, கைப்பிறேக்குப் பற்றியது. பெரும்பாலான கார்களில் கைப்பிறேக்குப் பின்சில்லுகளை நேரே பற்றும். பழைய லாண்ட் றோவரிலோ அது மாற்றுப்பெட்டியின் பின்னுள்ள உருளையைப் பற்றி, செலுத்து தண்டின் வாயிலாகவே சில்லுகளை நிறுத்துகின்றது. ஆகவே, பின் செலுத்து தண்டைக் கழற்றிய அக்கணமே கைப்பிறேக்குப் பயனற்றதாகும். வண்டி சிறு சரிவில் நிற்பினும், அடியிற் படுத்திருப்பவன் மீது உருண்டுவிடும். பின் சில்லொன்றை மட்டும் ஜாக்கியால் உயர்த்தினும் இவ்வாபத்து உண்டு. உயர்ந்த சில்லுச் சுழல, நிலத்தில் நிற்கும் சில்லும் எதிர்ப்புறமாக உருளும். எனவே, சமதரையில் வண்டியை நிறுத்தி, சில்லுகளின் முன்னும் பின்னும் கட்டைகள் இறுக்கிய பின்னரே அடியிற் புகுதல் வேண்டும்.

இரண்டாவது, தூசி பற்றியது. பழைய கிளச்சுத் தட்டுக்களின் உராய்வுப் பொருள் கல்நாரினால் ஆனது. அதன் நுண்ணிய நார்கள் சுவாசப்பையுட் புகுந்தால், இருபது முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் புற்றுநோய் முதலியவற்றை விளைக்கும். பிரித்தானியாவில் வெண்கல்நாரின் பயன்பாடும் 1999இல் தடைசெய்யப்பட்டது. எனினும், பழைய வண்டியினுள் இன்றும் அத்தட்டு இருத்தல் கூடும். காற்றுக் குழாயால் தூசியை ஊதுதல் தொழிற்சாலைகளில் நெடுநாள் வழங்கிய பழக்கமெனினும் அது அறவே தவிர்க்கற்பாலது. ஈரத் துணியால் துடைத்து, அத்துணியையும் பழைய தட்டையும் பையிலிட்டுக் கட்டி அகற்றுதலே முறை. தகுந்த சுவாசக் கவசம் அணிதலும் வேண்டும்.

கழற்றும் முறை

கிளச்சை அடைதற்கு வழிகள் இரண்டு. எஞ்சினை முன்புறமாக எடுத்தல் ஒன்று. கியர்ப்பெட்டியைப் பின்புறமாக எடுத்தல் மற்றொன்று. எஞ்சினிலும் வேறு பழுது இருப்பின் முன்னதும், இல்லையெனின் பின்னதும் ஏற்புடைத்து. கியர்ப்பெட்டியும் மாற்றுப்பெட்டியும் ஒன்றாகப் பிணைந்திருத்தலின், சாதாரணக் காரிற் போல அதனைக் கீழே இறக்குதல் எளிதன்று. ஆகவே, வண்டியின் உட்புறத்தினூடாக மேலே உயர்த்திக் கதவின் வழியே வெளிக்கொணர்தலே வழக்கம்.

முதலில் மின்கலத் தொடுப்பை நீக்குக. பின்னர்த் தரைத் தகடுகளையும், நடுவிலுள்ள கியர்ப்பெட்டி மூடியையும், ஆசனங்களைத் தாங்கும் பெட்டியையும் கழற்றுக. ஈரமும் சேறும் பட்டுத் துருவேறிய ஆணிகள் இங்குதான் பொறுமையைச் சோதிக்கும். முதல்நாளே ஊடுருவும் எண்ணெயை இட்டு வைத்தல் நன்று. அதன்பின் கியர்ப்பெட்டியினதும் மாற்றுப்பெட்டியினதும் எண்ணெய்களை வடித்து, முன் பின் செலுத்து தண்டுகளை விடுவிக்குக. இணைப்புக்களிற் குறியிட்டு வைத்தால் மீளவும் அவ்வாறே பொருத்தலாம். வேகமானிக் கம்பி, கைப்பிறேக்குக் கோல், கிளச்சுத் திரவக் குழாய் என்பவற்றையும் நீக்குக. கியர்ப்பெட்டி நீங்கினால் எஞ்சினின் பின்பகுதிக்குத் தாங்கல் இல்லையாதலின், எண்ணெய்த் தொட்டியின் கீழ் மரப்பலகை வைத்து ஜாக்கியால் தாங்குதல் இன்றியமையாதது.

கியர்ப்பெட்டியைப் பாரந்தூக்கியிற் பிணைத்துச் சிறிது உயர்த்தி, தாங்கிகளையும் உறையைச் சூழவுள்ள சுரைகளையும் கழற்றி, நேர்கோட்டிற் பின்னிழுக்குக. முன் தண்டு கிளச்சுத் தட்டினின்று முற்றாக வெளிவருமுன் பெட்டியைத் தொங்கவிடலாகாது.

ஆராய்தலும் பொருத்தலும்

மூடியின் ஆணிகளை ஒன்றையே முற்றாகத் தளர்த்தாது, எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்தல் வேண்டும். தட்டு வெளிவந்தபின் அது கூறும் செய்தியைக் கூர்ந்து நோக்குக. தறைகளின் தலைவரை தேய்ந்திருப்பின் அஃது ஆயுள் முடிவு. எண்ணெய் படிந்திருப்பின், எஞ்சினின் பின் சீலையும் கியர்ப்பெட்டியின் முன் சீலையும் ஆராய்ந்து மாற்றுக. அன்றேல் புதிய தட்டும் விரைவிற் கெடும். பறப்புச் சில்லின் முகத்தில் நீல நிறப் புள்ளிகளோ மயிரிழை வெடிப்புக்களோ ஆழ்ந்த கீறல்களோ இருப்பின், அதனைக் கடைந்து செப்பஞ்செய்தல் அல்லது மாற்றுதல் வேண்டும்.

தட்டு, அமுக்கத் தொகுதி, விடுவிப்புப் பெயாரிங்கு ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றுதல் சிக்கனமாகும். கழற்றிப் பூட்டும் உழைப்பே மிகுதியாதலின், பெயாரிங்கின் விலையை மிச்சம்பிடித்து அவ்வுழைப்பை இருமுறை செய்தல் அறிவுடைமையன்று. எஞ்சின் தண்டின் முனையிலுள்ள சிறு வெண்கலப் புதையுறையையும் எண்ணெயில் ஊறவைத்து உடன் மாற்றுதல் நன்று.

புதிய தட்டின் எப்புறம் எஞ்சினை நோக்க வேண்டும் என்பதைக் குறிபார்த்துப் பொருத்துக. புறம் மாறின் கிளச்சு விடுபடாது. வேலை முழுவதும் மீளச் செய்யப்படல் வேண்டும். தட்டை மையப்படுத்துதற்கு அதற்குரிய கருவியோ, பழைய கியர்ப்பெட்டியின் முன் தண்டோ பயன்படும். மையப்படுத்திய பின்னரே மூடியின் ஆணிகளை எதிரெதிராகப் படிப்படியாக இறுக்குக. வரிப்பற்களுக்கு கிறீஸ் மிக மெல்லிதாகப் பூசினாற் போதும். மிகையான கிறீஸ் சுழற்சியால் தெறித்துத் தட்டை நனைக்கும்.

கியர்ப்பெட்டியை மீள முன்தள்ளுங்கால், தண்டின் பற்கள் தட்டின் பள்ளங்களிற் பொருந்தாது தடைப்படுதல் இயல்பு. அப்போது கியரொன்றை இட்டு, முன்புறக் கைதிருப்பியால் எஞ்சினை மெல்லத் திருப்பினாற் பொருந்திவிடும். உறையின் ஆணிகளை இறுக்கிப் பலவந்தமாக இழுத்துச் சேர்த்தலும், பெட்டியின் பாரம் தட்டின் நடுவில் தொங்குமாறு விடுதலும் தட்டை வளைத்துவிடும்.

எல்லாவற்றையும் பூட்டியபின் எண்ணெய்களை நிரப்பி, திரவக் குழாயினின்று காற்றை வெளியேற்றி, மிதியின் தளர்வைக் கைந்நூல் கூறும் அளவிற்கு அமைக்குக. பிறேக்குத் திரவம் வண்ணப்பூச்சை உரிக்குமாதலின் சிந்தியதை உடனே கழுவுக. தரைத் தகடுகளைப் பூட்டுமுன் எஞ்சினை இயக்கி, கியர் ஓசையின்றி விழுகின்றதா எனச் சோதித்துக்கொள்ளல் உழைப்பை மிச்சப்படுத்தும். முதற் சில நூறு மைல்கள் பாரமின்றியும் கடுமையின்றியும் ஓட்டினால், புதிய முகங்கள் ஒன்றோடொன்று நன்கு படியும்.

முடிவு

இப்பணி முழுவதிலும் அரிய கருவிகள் வேண்டப்படுவன சிலவே. வேண்டப்படுவன பெரிதும் பொறுமையும் ஒழுங்குமாம். சமதரையும் சில்லுக் கட்டைகளும் நல்ல பாரந்தூக்கியும் இருவரின் கூட்டுழைப்பும் அமைந்தால், ஐம்பது ஆண்டு கடந்த வண்டியும் மீண்டும் மலையேறும். அவ்வண்டியை நம்பித் தொழில் செய்வோனுக்கு அது பிழைப்பு. நோயாளியொருவரை அதிலேற்றி இரவில் மலையிறங்குவோர்க்கு அது உயிர். கண்ணுக்குத் தோன்றாத இடத்திலிருந்து உழைக்கும் உறுப்பொன்றின் நலத்தில் இவ்விரண்டும் தங்கியுள்ளன என்பதை உணர்வோர், மிதியின் மேற் காலை வைக்கும்போதும் அதனை எடுக்கும்போதும் கருத்துடையராய் இருப்பர்.